மேட்டில் பெய்யும் மழையும் பள்ளத்தில் நிற்கும் வெள்ளமும்

வெள்ளம் வந்தால் வானத்தைப் பழிப்பது யாழ்ப்பாணத்தில் வழக்கமாகிவிட்டது. ஐப்பசியில் மழை தொடங்குகிறது. கார்த்திகையில் தாழ்நிலக் குடியிருப்புகளுக்குள் நீர் புகுகிறது. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் இடைத்தங்கல் முகாம்களாகின்றன. சமைத்த உணவும் உலருணவுப் பொதிகளும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் முழங்காலளவு நீரில் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். தையில் நீர் வற்றுகிறது. அத்துடன் எல்லாம் மறக்கப்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களிலோ குடாநாட்டின் கரையோரங்களிலும் தீவுகளிலும் பவுசர் வண்டியின் வரவை நோக்கிக் குடங்களும் கான்களும் வரிசையாக வைக்கப்படுகின்றன. வரிசையிற் காத்திருப்போருள் பெரும்பாலோர் பெண்கள். ஆறு திங்களுக்கு முன்னர் நீர் மிகுந்தமையால் வீட்டை விட்டு வெளியேறியவர்கள், இப்போது நீர் இன்மையால் வீட்டுவேலையை விட்டு வெளியே நிற்கின்றனர்.

இவ்விரண்டையும் தொடர்பற்ற இரு துன்பங்களாகக் கருதி, ஒன்றுக்கு வடிகாலையும் மற்றதற்குப் பவுசரையும் மருந்தாகக் கூறுவதே இன்றைய நிர்வாகத்தின் அறிவாக இருக்கிறது. அந்த அறிவு பிழையானது என்பதையும், அதற்கு மாற்றாகப் பரவலாகப் பேசப்படும் வேறு இரு கருத்துகளும் அரைகுறையானவை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடாநாட்டு வெள்ளத்தில் வானத்தின் பங்கு ஒரு பகுதியே. எஞ்சிய பகுதி மனிதர் மனிதருக்குச் செய்வது. மேட்டில் வாழ்வோர் தமது கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையைத் தமக்கு வேண்டாமென்று வெளியே தள்ளுகின்றனர். அது பள்ளத்தில் வாழ்வோரின் அடுப்படியில் வந்து நிற்கிறது. இந்த உண்மையை ஏற்காத எந்தத் திட்டமும் வெள்ளத்தைத் தணிக்கமாட்டாது.

1. நிலத்தின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாகச் சென்று அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மி.மீ. மழை கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான குறுகிய காலத்துக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. அந்த மழையே ஆண்டு முழுவதற்குமான முதல். வேறு வருவாய் இல்லை.

முதலைச் சேமித்து வைக்கும் பெட்டகம் நிலத்தின் கீழே உள்ளது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த இக்கல்லில் மழைநீர் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவியுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட விதி. இவ்விதியின் மறுபக்கம் அச்சந் தருவது. நீர்மட்டம் ஓரடி தாழுமாயின் கீழேயிருந்து உவர் நாற்பது அடி மேலேறக்கூடும். எனவே நிலத்துள் இறங்காமற் கடலுக்குப் போகும் ஒவ்வோர் அங்குல மழையும் ஒரு கிணற்றின் ஆயுளைக் குறைக்கிறது என்று கூறுவது மிகையாகாது.

நிலம் எங்கும் ஒரே தன்மையினதன்று. வலிகாமத்தின் நடுப்பகுதியிலுள்ள செம்மண் மழையை விரைந்து உறிஞ்சுவது. கரையோரத்தின் களிச்சாம்பல் மண் அவ்வாறு உறிஞ்சாது; மாரியில் நிலத்தடி நீரே அங்கு தரையைத் தொடுமளவுக்கு உயர்ந்துவிடும். யாழ் நகரைச் சூழ்ந்த நிலத்தை நோக்கினால், வடக்கே நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் சற்று உயர்ந்தும், தெற்கிலும் மேற்கிலும் கடனீரேரியை நோக்கித் தாழ்ந்தும் இருப்பதைக் காணலாம். மேடு என்று இங்கு கூறப்படுவது மலையன்று. சில முழ உயரமே. ஆயினும் நீர் அந்தச் சில முழத்தை நன்கறியும். நாவாந்துறை, பொம்மைவெளி முதலான தாழ்நிலங்களில் ஒவ்வொரு பெருமழைக்கும் நீர் நிற்பது அதனாலேயே.

முன்னோர் இந்த வேற்றுமையை அறிந்திருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. குளம், கேணி, துரவு, தாழ்வு, வெளி, தரவை என்று முடியும் இடப்பெயர்கள் குடாநாடெங்கும் விரவிக் கிடக்கின்றன. மழைநீர் ஒரு தாழ்வில் தங்கி, நிரம்பி, வாய்க்கால் வழியே அடுத்த தாழ்வைச் சேர்ந்து, வழிநெடுகிலும் நிலத்துள் இறங்கி, எஞ்சியது மட்டும் கடனீரேரியை அடையும் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்று பல இடங்களிற் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. குளமென்று பெயர் கொண்ட இடத்தில் வீடோ கடையோ குப்பைமேடோ காணப்படுகிறது. வாய்க்கால் ஒழுங்கையாகி, ஒழுங்கை தார் வீதியாகி, வீதியின் இருமருங்கும் மதிலாகிவிட்டது. நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. மழைக்காலத்தில் அது வீதியில் ஓடுவது, தான் முன்பு ஓடிய வாய்க்காலிலேயே ஓடுகிறது எனக் கொள்ளத்தகும்.

2. வடிகால் வாதம்

வெள்ளத்துக்குக் காரணம் வடிகால் போதாமையே, ஆகவே வடிகாலை அகலமாக்கி நீரை விரைவாகக் கடலிற் சேர்க்க வேண்டும் என்போர் முதலாவது சாரார். ஒப்பந்தகாரருக்கும் நிர்வாகிக்கும் மிக உவப்பான வாதம் இது. கொங்கிறீற்று வடிகாலுக்கு மதிப்பீடு உண்டு, கேள்விப்பத்திரம் உண்டு, திறப்புவிழாவும் உண்டு. வாய்க்காலில் வளர்ந்த பற்றையை வெட்டுவதற்குத் திறப்புவிழா நடத்த முடியாது.

இவ்வாதத்தின் குறைபாடுகள் மூன்று. முதலாவது, நிலம் தட்டையானது. நீருக்கு வேகங் கொடுக்கும் சரிவு மிகச் சிறிது. புயற்காலத்தில் காற்று கடனீரேரியின் நீரைக் கரைநோக்கித் தள்ளுகையில், வடிகாலின் வாய் நீரில் மூழ்கிவிடுகிறது. வெளியேற வேண்டிய நீர் அங்கேயே தேங்குகிறது. வடிகால் மிகத் தேவைப்படும் நாளே அது பயன்படாத நாளுமாகிறது. இரண்டாவது, வடிகால் மேட்டிலிருந்து நீரை எவ்வளவு விரைவாகக் கொண்டுவருகிறதோ, அவ்வளவு விரைவாகப் பள்ளம் நிரம்புகிறது. வடிகாலின் தலைமாடு வசதியுள்ளோர் வாசலில். அதன் கால்மாடு கடற்றொழிலாளரும் கூலித் தொழிலாளரும் வாழும் குடியிருப்பில். மேல் ஒழுங்கைக்கு அது வெள்ள நிவாரணம், கீழ் ஒழுங்கைக்கு வெள்ள விநியோகம். மூன்றாவது, கடலுக்குப் போன நீர் திரும்பி வருவதில்லை. திரும்பக் கொணர்வதாயின் அதற்குப் பெருவிலை கொடுக்க வேண்டும்.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. கிணறுகளில் உவரும் உரத்தால் விளைந்த நைத்திரேற்றும் ஏறியுள்ள நிலையில் அது தேவையற்றதென யாரும் கூறமுடியாது. ஆயினும் அதனருகே நின்று சிந்திக்கும் எவருக்கும் ஒரு வினா எழும். கார்த்திகையில் நன்னீரைக் கடலில் தள்ளுவதற்கு ஒரு திணைக்களம் பணம் செலவிட, சித்திரையில் அதே கடலிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுப்பதற்கு வேறொரு நிறுவனம் மின்சாரம் செலவிடுவது எந்தப் பொருளாதார நூலில் சிக்கனமெனக் கூறப்பட்டிருக்கிறது? நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின் அடிப்படை, மழைநீரைக் கடலுக்கு விடாது கடனீரேரியிலேயே தடுத்து நன்னீராக்குவதாகும். அத்திட்டம் தலைமுறைகள் கடந்தும் முழுமை பெறவில்லை. பேராற்றுக்குக் காத்திருந்த குடாநாடு, அதே தத்துவத்தை ஓர் ஒழுங்கையின் அளவிற் செயற்படுத்த முடியும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

3. தொட்டி வாதம்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மழைநீர்த் தொட்டி அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இரண்டாவது சாராரின் வாதம். சட்டமும் அவர்கள் பக்கமே. மழைநீர்ச் சேகரிப்புக்கான தேசியக் கொள்கை 2005 இல் வகுக்கப்பட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 2007 இல் திருத்தப்பட்டது. 2009 இல் அதன்கீழ் ஒழுங்குவிதிகள் வெளியாயின. நகரப் பகுதிகளில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு இவற்றால் கட்டாயமாக்கப்பட்டது. கொள்கையளவில் இது பாராட்டுக்குரியதே. ஆயினும் தொட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

100 சதுர மீற்றர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் கிடைக்கும். இலங்கையில் வழக்கிலுள்ள 5,000 லீற்றர் தொட்டி 50 மி.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மி.மீ. மழை பதிவாகியது. அத்தகைய நாளில் அந்தக் கூரையில் விழுவது 39,000 லீற்றர். தொட்டி முற்றிலும் வெறுமையாக இருந்தாலும் 34,000 லீற்றர் வெளியே போகும். நடைமுறையிலோ பெருமழை வரும் நாளில் தொட்டி முன்னரே நிரம்பியிருக்கும். கோடைக்குச் சேமிக்க விரும்புவோர் அதை நிரப்பியே வைப்பர். வெள்ளத்தைத் தடுக்க விரும்புவோர் அதை வெறுமையாக வைக்க வேண்டும். ஒரே தொட்டி இரண்டையும் செய்யமாட்டாது. ஆகவே தொட்டி ஒரு குடும்பத்தின் குடிநீருக்குப் பேருதவி. ஆனால் அயலாரின் வெள்ளத்துக்கு அது மருந்தன்று.

தொட்டி வாதத்தின் உள்ளே மறைந்திருப்பது தனிமனித வாதம் என்பதும் நோக்கற்பாலது. இடமும் பணமும் உள்ளவன் தொட்டி கட்டுகிறான். அவனது தொட்டி நிரம்பியபின் நீர் எங்கே போகிறது என்பதைச் சட்டம் ஊன்றிக் கேட்பதில்லை, அவனும் கேட்பதில்லை. வரைபடத்திற் காட்டிய தொட்டி அனுமதி பெறுவதற்கு மட்டுமேயாகி, கட்டடம் முடிந்தபின் பீலிகூட இணைக்கப்படாமற் போதலும் உண்டு. அயலிலே தமிழகம் தரும் படிப்பினையும் இதுவே. அங்கு 2003 இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்நடவடிக்கையால் பல கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது உண்மை. எனினும் அதே சென்னை மாநகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது; 2019 கோடையில் அதன் ஏரிகள் வறண்டு குடிநீருக்குத் தவித்தது. வீட்டுக்கு வீடு சட்டம் செய்து, ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் கட்டடங்களுக்குப் பலியிட்டால் விளைவது இதுவே.

4. பழம்பெருமை வாதம்

மூன்றாவது சாரார் மேடைகளிற் பெரிதும் கைதட்டல் பெறுவோர். முன்னோர் குளம் தொட்டு வளம் பெருக்கினர். அவர்கள் வகுத்த முறைக்குத் திரும்பினாற் போதும் என்பர் இவர்கள். முன்னோரின் நிலவறிவு போற்றத்தக்கதென்பது முன்னரே கூறப்பட்டது. ஆனால் அறிவு வேறு, அதனைச் சூழ்ந்திருந்த சமூக அமைப்பு வேறு. குளத்தையும் கிணற்றையும் வெட்டிய கைகளுக்கே அவற்றின் நீரைத் தொடும் உரிமை மறுக்கப்பட்ட சமுதாயம் அது. கோயிற் கேணியில் யார் இறங்கலாம், ஊர்க்கிணற்றில் யார் அள்ளலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலைத் திறப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. தண்ணீருக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் பட்ட பாட்டை டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே நாவலாக்கினார். யாரோ ஒருவர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியிற் காத்து நின்றவரின் பேரர்களிடம், பழைய முறை பொற்காலமென்று பேசுவது அறமாகாது.

அந்தச் சாதியமைப்பே குடியிருப்பின் மேட்டையும் பள்ளத்தையும் பங்கிட்டது என்பதும் மறைக்கத்தக்கதன்று. உறிஞ்சும் செம்மண் மேடு காணியுடையோருக்கு. நீர் நிற்கும் ஓரம் காணியற்றோருக்கு. பின்னர் போரினால் இடம்பெயர்ந்தோரும், வாடகை கொடுக்க முடியாதோரும் அதே ஓரங்களிலும் தரவைகளிலும் குடியேறினர். இன்று அவர்களைச் சுட்டி, “வெள்ளம் நிற்கும் இடத்தில் வீடு கட்டியது அவர்கள் தவறு” என்று கூறுவது படித்தோரிடையும் கேட்கும் பேச்சு. வேறிடம் இல்லாதவன் தரவையில் மண் நிரவிக் குடிசை போடுவதையும், வேறிடம் இருந்தும் குளத்தை நிரவிக் கடைத்தொகுதி கட்டுவதையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று. குளங்கள் மீட்கப்படத்தான் வேண்டும். ஆனால் குளத்தை மீட்பதென்ற பெயரில் முதலில் வெளியேற்றப்படுபவன் ஏழையாக இருப்பானாயின், அது மீட்பன்று. பழைய அநீதியின் புதுப்பதிப்பே.

5. செய்யத்தக்கது

மூன்று வாதங்களையும் மறுத்தபின் எஞ்சுவது யாது? மழையை விழுமிடத்திலேயே ஏற்று, ஓர் அயலின் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, மேட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தடுப்பதே. இதற்கு ஒரு வரிசை உண்டு. கூரை நீர் முதலில் தொட்டிக்கு. தொட்டி நிரம்பி வழிவது, செம்மண் நிலமாயின், மணலும் சரளையும் இட்ட உறிஞ்சு குழிக்கு. குழியும் ஏற்காதது ஒழுங்கையின் வாய்க்காலுக்கு. வாய்க்கால் குளத்துக்கு. குளம் மேவிய பின்னரே வடிகால் வழியே கடனீரேரிக்கு. வடிகால் வேண்டாமென்பதன்று, இன்று முதலாவதாக நிற்கும் அது கடைசியாக நிற்க வேண்டும்.

கணக்கு இதற்கும் துணை நிற்கிறது. 50 வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோர், நிஷா போன்ற ஒரு நாளில் அக்கூரைகளின் தொட்டிகள் நிரம்பி வழியும் நீர் ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் என்று காண்பர். எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், அளவான ஒரு குளம் ஒரு மீற்றர் ஆழத்துக்குத் தூர்வாரப்பட்டால் அதில் ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர் கொள்ளும். ஒவ்வொரு வீட்டையும் சூழ்ந்த முற்றத்தில் விழும் மழை இக்கணக்கில் அடங்கவில்லை என்பது மெய். இரண்டு பரப்புக் காணியில் கூரை ஐந்திலொரு பங்கே. எஞ்சிய நான்கு பங்கும் மண்ணாக இருந்தால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். சீமெந்துக் கல் பதிக்கப்பட்டாலோ, அதுவும் கூரையின் தொழிலையே செய்யும். முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிப்பது அழகுணர்ச்சி பற்றிய செய்தி மட்டுமன்று, அயலான்மேல் நீரை ஏவும் செயலும் ஆகும்.

ஆகவே கடமை சமமாகப் பங்கிடத்தக்கதன்று. நிலத்தடி நீரே தரைமட்டத்தில் நிற்கும் கரையோரத்தில் உறிஞ்சு குழி வெட்டுமாறு கூறுவது கேலிக்கூத்து. அங்கே வெட்டும் குழி வெட்டும்போதே நிரம்பிவிடும். அங்குள்ளோருக்கு உதவுவது, அங்கு செய்யப்படுவதைவிட மேலே செய்யப்படுவதே. முழுக் காணியையும் சீமெந்தால் மூடியவரிடம் உள்ளூராட்சி மன்றம் கூடுதலான சோலைவரி அறவிட்டு, மண் முற்றமும் குழியும் வைத்திருப்போருக்குச் சலுகை அளிக்கலாம். அவ்வாறு திரளும் பணம் தாழ்நிலத்து வாய்க்காலுக்கும் மலசலகூடங்களை உயர்த்திக் கட்டுவதற்கும் செலவிடப்படலாம்.

குளங்களைப் பொறுத்தவரை பெரும் இடர் அவற்றின் உடைமை சிதறிக் கிடப்பதாகும். ஒன்று மாநகர சபைக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஒன்று கோயில் தர்மகர்த்தாவுக்கு. குளம் ஒருவருடையது, அதற்கு நீர் வரும் வாய்க்கால் இன்னொருவருடையது. நகரின் நடுவேயுள்ள ஆரியகுளம் 2021 இல் திருத்தப்பட்டு, நடைபாதையும் விளக்கும் பெற்று மக்கள் கூடும் இடமாயிற்று. குப்பைமேடாகும் விதியிலிருந்து ஒரு குளம் தப்பியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் குளத்தின் உயிர் கரையின் விளக்கில் இல்லை. நீரைக் கொண்டுவரும் வாய்க்காலிலும் மிகுந்ததை வெளியேற்றும் மதகிலுமே உள்ளது. குளந்தோறும் பூங்கா அமைக்கும் ஆர்வம், வாய்க்கால்தோறும் மண் அள்ளும் ஆர்வமாக மாறினாலன்றி நகரம் அழகுபெறுமேயொழிய நனையாமல் இருக்கமாட்டாது.

இவற்றை நடத்துவதற்குப் புதிய அதிகார சபையொன்று தேவையில்லை. குடாநாட்டின் ஊர்தோறும் சனசமூக நிலையம் இருக்கிறது. ஒரு குளத்தில் வந்து சேரும் நீர் எந்தெந்த ஒழுங்கைகளிலிருந்து வருகிறதோ, அவ்வொழுங்கைகளின் சனசமூக நிலையங்கள் ஒன்றுகூடி ஒரு நீர்க்குழு அமைத்தல் வேண்டும். அக்குழுவில் மேல் ஒழுங்கைக்காரருக்கு நிகராகக் கீழ் ஒழுங்கைக்காரரும் அமர வேண்டும் என்பது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. பாதிக்கப்படுவோர் இல்லாத குழு, மேட்டுக்காரரின் சங்கமாக முடியும். தூர்வாருதல் ஆவணிக்கு முன் முடிய வேண்டும். அள்ளும் வண்டல் தோட்டத்துக்குப் போகட்டும். அவ்வேலைக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும். முற்காலத்து ஊழியம் சிரமதானமென்ற பெயருடன் ஏழைகளின் தோளில் மட்டும் மீண்டும் ஏறக்கூடாது.

6. சில ஆட்சேபங்கள்

இம்முறையை எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் இரண்டு மதிக்கத்தக்கவை. தேங்கும் நீரில் நுளம்பு பெருகி டெங்கு பரவும் என்பது ஒன்று. மாரியிலும் அதையடுத்தும் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுவது அறிந்ததே. ஆனால் டெங்கு நுளம்பு விரும்புவது சிரட்டை, ரயர், மூடாத தொட்டி, அடைபட்ட பீலி போன்ற சிறு தேக்கங்களையே. வலையிட்டு மூடிய தொட்டியும், மூன்று நாளுக்குள் நீர் இறங்கிவிடும் குழியும், மீன் வாழும் குளமும் அதற்கு இடம் கொடா. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். உண்மையில் வெள்ளம் வடிந்தபின் வளவுகளிற் சிதறிக் கிடக்கும் சிறு தேக்கங்களே அதன் பெருந்தோட்டம்.

அழுக்கு நீர் நிலத்துள் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கும் என்பது மற்றையது. இது முழுக்க முழுக்க நியாயமானது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் நீரை வடிகட்டுவதில்லை; விழுந்ததை விழுந்தபடி கொண்டுபோகும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரிற் கழிவெண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினை இதன் கொடுமையை ஊரறியச் செய்தது. ஆகையால் வீதி நீரை எக்காரணங் கொண்டும் கிணற்றுக்கு விடலாகாது. கிணற்றுக்கோ குழிக்கோ கூரை நீர் மட்டுமே. அதிலும் முதல் மழையில் கூரை கழுவுண்ட நீரை விலக்கியபின், மணலிலும் கரியிலும் சரளையிலும் வடித்த நீரே. வீதி நீர் குளத்துக்குப் போய் அங்கு மண்டி படியட்டும். ஆனால் இந்த ஆட்சேபத்தை எழுப்புவோர் ஒன்றை மறக்கின்றனர். வெள்ளம் வரும் நாளில் மலசலகூடக் குழிகள் மூழ்கி, அவற்றின் நீரே தாழ்நிலக் கிணறுகளுக்குள் இறங்குகிறது. அதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தோர், வடிகட்டிய கூரை நீரைக் கண்டு மட்டும் அஞ்சுவது விந்தையே.

7. கற்றோர் கடன்

2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் பெங்கால் எனப் பெயர்கள் மாறி வருகின்றன. நீர் புகும் வாசல்கள் மாறவில்லை. வளிமண்டலம் வெப்பமடைய, ஒரே நாளிற் கொட்டும் பெருமழைகள் கூடும் என்பது அறிவியலார் ஒருமுகமாகக் கூறுவது. அடுத்த புயலுக்கு என்ன பெயர் வைப்பது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டாயிற்று. அது வரும் நாளில் நீர் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் தீர்மானிக்கப்படவில்லை.

இதிற் பல்கலைக்கழகங்களுக்கு உள்ள பங்கு அறிக்கை எழுதுவதோடு முடிவதன்று. புவியியல் மாணவர் பழைய நிலவளவைப் படங்களையும் இன்றைய படங்களையும் ஒப்பிட்டு, மறைந்த குளங்களையும் வாய்க்கால்களையும் ஊர் ஊராகக் குறிக்கலாம். பொறியியல் மாணவர் ஒழுங்கைகளின் மட்டம் அளந்து, நீர் எவ்வழி ஓடுகிறது என்பதை அவ்வொழுங்கைக்காரருக்கே காட்டலாம். தமிழ் மாணவர் இடப்பெயர்களைத் திரட்டலாம். மூத்தோர் வாய்மொழியில் நீர் வந்த வழிகளைக் கேட்டெழுதலாம். அவ்வழிகளில் யார் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்றிருந்ததையும் மறையாமல் எழுதலாம். இவ்வாறு திரட்டப்பட்ட படம் சனசமூக நிலையத்தின் சுவரிலே தொங்குமாயின், குளத்தை நிரவ வருபவனுக்கு எதிராக ஊர் காட்டக்கூடிய சாட்சியாக அது அமையும். பட்டம் பெறுவதற்குச் சமர்ப்பித்துவிட்டு நூலகத் தட்டில் தூசு படிய விடுவதிலும் இது மேலானது.

குடாநாட்டில் மழை பொதுச் சொத்து. அது பெய்யும் முற்றத்தை வைத்து ஒருவன் அதனைத் தனதென்று கொள்ளவும் முடியாது. தனக்கு வேண்டாமென்று பிறன் வாசலில் தள்ளவும் உரிமையில்லை. வரும் ஆவணிக்கு முன்னர் ஒரே ஒரு குளத்துக்கு நீர் வரும் ஒழுங்கைகளெல்லாம் ஒன்றுகூடி, ஒரே ஒரு வாய்க்காலைத் திறக்குமாயின், கார்த்திகையில் சில குடும்பங்களாவது தம் அடுப்பிலேயே உலை வைக்கும். அவ்வளவிலிருந்து தொடங்குவதற்கு வானத்தின் அனுமதியோ கொழும்பின் அனுமதியோ வேண்டியதில்லை. மேட்டில் இருப்போர் சம்மதித்தாற் போதும். சம்மதியாராயின், அவர்களைச் சம்மதிக்க வைப்பதே பள்ளத்தில் இருப்போரின் அரசியலாக வேண்டும்.